உடற்பருமன் உள்ளவர்களில் உடற்கொழுப்பை அளக்கும் முறைகளை ஒப்பிடுவது எப்படி?

ஒரே ஆளை இரண்டு கருவியில் ஏற்றினால் இரண்டு எண் வரும். கிளினிக்கில் புதிதாகச் சேரும் தாதியரும், ஆய்வுக்குத் தரவு சேர்க்கும் மாணவர்களும், ஜிம் பயிற்றுநர்களும் உடனே கேட்பது "எது சரி?" என்றுதான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. எந்த முறை, எப்படிப்பட்ட உடலில், எந்தப் பக்கம், எவ்வளவு பிசகுகிறது என்று கேட்டால் கிடைக்கும். அந்தப் பதிலை யாழ்ப்பாணத்து நிலைமைக்குள் நின்று எடுப்பதற்கான வரிசை இது. வரிசை முக்கியம், சில அளவுகளைத் தவறவிட்டால் அன்றைக்குத் திரும்ப எடுக்க முடியாது.

1. கேள்வியை முதலில் எழுதி வையுங்கள்

உங்களுக்கு வேண்டியது இன்றைய அளவா, மூன்று மாதத்தில் வரும் மாற்றமா? ஒரு குழுவின் சராசரியா, முன்னால் நிற்கும் ஓர் ஆளின் எண்ணா? இவற்றைத் தாளில் எழுதாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

காரணம் எளிது. எப்போதும் 4 சதவீதம் குறைத்துக் காட்டும் கருவி இன்றைய அளவுக்கு மோசம். ஆனால் ஒரே சீராகக் குறைத்தால் மாற்றத்தைக் கவனிக்க நல்லது. ஒரு நாள் கூட்டியும் ஒரு நாள் குறைத்தும் காட்டும் கருவி, சராசரியில் சரியாக வந்தாலும், தனி ஆளுக்கு உதவாது. கேள்வி தெரியாமல் "நல்ல கருவி, கெட்ட கருவி" என்று பிரிக்க முடியாது.

2. ஒவ்வொரு முறையும் உண்மையில் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உயிரோடு இருக்கும் ஆளின் கொழுப்பை யாரும் நேரடியாக நிறுப்பதில்லை. வேறொன்றை அளந்து, ஓர் அனுமானத்தைச் சேர்த்து, கொழுப்பைக் கணக்கிடுகிறோம். உடற்பருமனில் உடைவது அந்த அனுமானம்தான். அதனால் இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள்.

பிஎம்ஐ, அதாவது கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், நிறையையும் உயரத்தையும் மட்டுமே அறியும். தெற்காசியரின் உடலில் அதே பிஎம்ஐக்கு ஐரோப்பியரைவிடக் கொழுப்பு அதிகம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற கூடுதல் எல்லைகளைப் பரிந்துரைத்தது.

தோல்மடிப்புக் கலிப்பர், அதாவது கிள்ளிப் பிடித்த தோல்மடிப்பின் தடிப்பை அளக்கும் இடுக்கி, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை அளக்கும். வயிற்றுக்குள் குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பை அது தொடுவதே இல்லை.

பயோ இம்பீடன்ஸ், அதாவது சிறு மின்னோட்டம் செலுத்தும் கருவி, மின்தடையை அளக்கிறது. அதிலிருந்து உடல் நீர், நீரிலிருந்து கொழுப்பற்ற திணிவு, மொத்த நிறையிலிருந்து அதைக் கழித்தால் கொழுப்பு. டியூட்டீரியம் என்ற கன ஐதரசன் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து உமிழ்நீரில் அதன் செறிவைப் பார்க்கும் முறையும் நீர் வழியாகத்தான் போகிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது கொழுப்பற்ற திணிவில் 73 சதவீதம் நீர் என்ற அனுமானம்.

உடற்பருமன் உள்ளவர்களில் அந்த நீர்ப்பங்கு கூடுகிறது, குறிப்பாகக் கலங்களுக்கு வெளியே. இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். 98 கிலோ நிறையுள்ள ஒருவரின் உடல் நீர் 46 கிலோ என்று வையுங்கள். 0.73ஆல் வகுத்தால் கொழுப்பற்ற திணிவு 63.0 கிலோ, கொழுப்பு 35.7 சதவீதம். அவருடைய உண்மையான நீர்ப்பங்கு 0.75 என்றால் கொழுப்பு 37.4 சதவீதம். கருவியில் எந்தப் பழுதும் இல்லை, கை நடுங்கவில்லை, ஆனாலும் 1.7 சதவீதம் காணாமல் போகிறது.

உடலின் அடர்த்தியை அளக்கும் முறைகள், அதாவது நீருக்கடியில் நிறுப்பதும் காற்று அறையில் உட்கார வைப்பதும், கொழுப்பின் அடர்த்தி 0.9, மற்றதன் அடர்த்தி 1.1 என்று எடுத்துக்கொள்கின்றன. கூடுதல் நீர் அந்த 1.1ஐச் சற்றுக் கீழே இறக்கும். கருவி அதைக் கொழுப்பு என்று எண்ணும். ஆக, ஒரே கூடுதல் நீர் நீர்வழி முறைகளில் கொழுப்பைக் குறைத்தும் அடர்த்திவழி முறைகளில் கூட்டியும் காட்டுகிறது. அடர்த்தி, நீர், எலும்புக் கனிமம், நிறை நான்கையும் தனித்தனியே அளந்து சேர்க்கும் நான்கு கூறு முறையை உயர்ந்த ஒப்பீட்டு அளவாக வைப்பதற்குக் காரணம் இதுதான்.

டெக்ஸா எக்ஸ்-கதிரின் இரண்டு சக்திகளைக் கொண்டு எலும்பு, கொழுப்பு, மற்ற மென்திசு மூன்றையும் பிரிக்கிறது. உடல் மிகத் தடிமனானால் கதிர் குறைந்தே மறுபக்கம் வரும். அங்கே அதன் துல்லியம் தளர்கிறது. இரண்டு கம்பனிகளின் டெக்ஸா ஒரே ஆளுக்கு ஒரே எண் தருவதும் இல்லை.

3. சமன்பாட்டின் பூர்வீகத்தைப் பாருங்கள்

பலர் தாண்டிப் போகும் இடம் இது. கலிப்பர் கணக்கில் அதிகம் பயன்படும் டர்னின்–வோமர்ஸ்லி சமன்பாடு 1974இல் ஸ்கொட்லாந்துக்காரரை அளந்து வந்தது. அதை நம்மவருக்குப் போட்டு "கலிப்பர் பிழை" என்று எழுதினால், பிழை கலிப்பரிலா சமன்பாட்டிலா என்று பிரிக்க முடியாது.

இன்னொரு பொறி உண்டு. இடுப்புச் சுற்றளவையும் உயரத்தையும் மட்டும் வைத்துக் கொழுப்புச் சதவீதம் சொல்லும் எளிய சூத்திரம் ஒன்று 2018இல் வெளியானது: ஆணுக்கு 64, பெண்ணுக்கு 76, அதிலிருந்து உயரத்தை இடுப்பால் வகுத்து வருவதன் 20 மடங்கைக் கழிக்க வேண்டும். அது டெக்ஸா தரவிலிருந்தே உருவானது. அதை டெக்ஸாவோடு ஒப்பிட்டு "நன்றாகப் பொருந்துகிறது" என்றால், பிள்ளை தகப்பனைப் போல இருக்கிறது என்று வியப்பதுதான்.

எந்தச் சமன்பாடு என்று அளக்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். தரவு வந்த பிறகு பொருந்துவதைத் தேடி எடுத்தால் அது ஒப்பீடு ஆகாது.

4. கருவிகளைப் பெரிய நிறையில் வைத்துச் சோதியுங்கள்

தராசு குறைந்தது 200 கிலோ தாங்க வேண்டும். வீட்டுத் தராசுகள் பெரும்பாலும் 150இல் நின்றுவிடும். 5 கிலோப் படி வைத்துச் சோதித்தால் 120 கிலோவில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாது. நல்ல நிறையுள்ள சக பணியாளர் ஒருவரை ஏற்றி எண்ணைக் குறியுங்கள்; முத்திரையிட்ட 20 கிலோப் படியை அவர் கையில் கொடுத்துத் திரும்பக் குறியுங்கள். வித்தியாசம் 20 வர வேண்டும்.

தராசு சீமெந்துத் தரையில் இருக்கட்டும். பாய், கம்பளம் மேல் வைத்தால் அடித்தட்டு அழுந்தி எண் மாறும்.

நாடா 200 சென்றிமீற்றர் நீளமானதாக, இழுபடாததாக இருக்க வேண்டும். தையல்காரரின் 150 சென்றிமீற்றர் துணி நாடா இரண்டு விதத்திலும் காலை வாரும்: சிலருக்குப் போதாது, பழசானால் இழுபடும். இரும்பு அளவுகோலோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று தெரியும்.

அறைக்குத் திரை, கைப்பிடி இல்லாத பலமான கதிரை, அகலமான கட்டில் வேண்டும். கைப்பிடிக்குள் சிக்கி எழும்ப முடியாமல் போனவர் அடுத்த தடவை வரமாட்டார். அப்படி விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் மிகப் பருமனானவர்கள் என்பதால், அது உங்கள் தரவையும் கெடுக்கும்.

5. முதல் நாளே சொல்லிவிட வேண்டியவை

காலையில் வெறும் வயிற்றோடு, தேத்தண்ணியும் குடிக்காமல் வரச் சொல்லுங்கள். முந்தின நாள் மாலைக்குப் பிறகு கடும் வேலை, உடற்பயிற்சி, மது வேண்டாம். உடல் நீர் ஒரு லீற்றர் ஏறி இறங்கினாலே பயோ இம்பீடன்ஸ் கணக்கு நகர்ந்துவிடும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களிடம் இதைச் சும்மா சொல்லிவிடாதீர்கள். அவர்களுடைய வைத்தியரிடம் கேட்டு, முதல் ஆளாக அளந்து, உடனே சாப்பிட வையுங்கள். இது பேரம் பேசும் விஷயம் அல்ல.

எண்ணெய் முழுக்கு நாளில் அளவு வேண்டாம். தோலில் எண்ணெய் இருந்தால், பயோ இம்பீடன்ஸுக்கு மின்னோட்டம் செலுத்த ஒட்டும் மின்வாய் பிடிக்காது. கிணற்றடியில் குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு நேரே வந்தாலும், வெயிலில் சைக்கிள் மிதித்து வியர்த்து வந்தாலும் தோலின் வெப்பநிலை மாறியிருக்கும். விசிறிக்குக் கீழே அரை மணி உட்கார வைக்கலாம். நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் கந்தசஷ்டியிலும் பலர் விரதம். அந்த நாட்களில் எடுத்த அளவைச் சாதாரண நாளின் அளவோடு ஒப்பிட வேண்டாம்.

நீர் வெளியேற்றும் மாத்திரை, கால் வீக்கம், சிறுநீரக நோய், மாதவிடாய் நாள் எல்லாவற்றையும் கேட்டுக் குறியுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவருக்குப் பயோ இம்பீடன்ஸ் கூடாது. கர்ப்பிணிகளுக்கு டெக்ஸா கூடாது. மற்ற முறைகளின் அனுமானங்களும் அவர்களில் நிற்காது, ஆகவே ஒப்பீட்டிலேயே சேர்க்க வேண்டாம்.

6. காலை வரிசை

ஒரே காலையில் எல்லாம் முடிய வேண்டும். முதலில் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு உயரம், நிறை, இடுப்பு. அதன்பின் படுக்க வைத்துப் பயோ இம்பீடன்ஸ். கலிப்பர் கடைசி.

கலிப்பர் ஏன் கடைசி? கிள்ளுவது வலிக்கும், கூச்சமும் கொடுக்கும். அதை முதலில் செய்தால் மற்ற அளவுகளுக்கு ஆள் இறுகிப்போய் நிற்பார், மூச்சை இயல்பாக விடமாட்டார்.

டியூட்டீரியமும் சேர்ந்தால், நிறையும் முதல் உமிழ்நீர் மாதிரியும் பயோ இம்பீடன்ஸும் முடிந்த பிறகே நீரைக் குடிக்கக் கொடுங்கள். அது உடல் முழுக்கக் கலக்கச் சில மணி நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் மற்றவற்றை எடுக்கலாம். முதல் மாதிரியை மறந்து நீரைக் கொடுத்துவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். கணக்கிடும்போது டியூட்டீரியம் உடல் நீரைச் சுமார் 4 சதவீதம் கூட்டிக் காட்டும் என்பதையும் கழிக்க வேண்டும்.

ஒரு முறையை அளப்பவர் மற்ற முறையின் எண்ணைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறைக்கும் தனித்தாள். பார்த்துவிட்டால் கை தானாகவே அந்த எண்ணை நோக்கிப் போகும், நேர்மையானவருக்கும்.

7. இடுப்பு நாடா

மிகச் சுலபம் என்று புதியவரிடம் தள்ளிவிடும் அளவு இது. அதிகம் பிழைக்கும் அளவும் இதுதான்.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடா போக வேண்டும். தொப்புளை அடையாளமாக வைக்காதீர்கள். தொங்கும் வயிற்றில் தொப்புள் கீழே இறங்கிவிடும். பாவாடை நாடா அழுத்திய தழும்பும் அடையாளம் அல்ல. எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை என்றால், பக்கவாட்டில் விரலை ஆழமாக அழுத்தி, ஆளைச் சற்று மறுபக்கம் சரியச் சொல்லித் தேடுங்கள். கிடைத்ததும் பேனாவால் குறியிடுங்கள்.

"அக்கா, கையைத் தொங்கவிடுங்கோ, மூச்சை இயல்பா ஒருக்கா விடுங்கோ" என்று சொல்லி, மூச்சு வெளியே போன முடிவில் வாசியுங்கள். வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம் என்று சொன்னால் அதன் பிறகுதான் இழுப்பார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பது மேல். உதவிக்கு ஒருவர் பின்னால் நின்று நாடா கிடையாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். இரண்டு வாசிப்பு ஒரு சென்றிமீற்றருக்கு மேல் வேறுபட்டால் இரண்டையும் திரும்ப எடுங்கள்.

பிழையின் விலை இதோ. 168 சென்றிமீற்றர் உயரம், 112 இடுப்பு உள்ள ஆணுக்கு மேலே சொன்ன சூத்திரம் 34.0 சதவீதம் தரும். நாடா 3 சென்றிமீற்றர் இறங்கி 115 வந்தால் 34.8. பெரிதல்ல என்று தோன்றும்; ஆனால் அடுத்த வருகையில் மறுபக்கம் பிசகினால், நடக்காத மாற்றம் ஒன்று தாளில் நடந்துவிடும்.

8. பயோ இம்பீடன்ஸ்

படுத்து அளக்கும் வகை என்றால் எல்லோரையும் ஒரே நேரம், பத்து நிமிடம், படுக்க விடுங்கள். படுத்ததும் நீர் காலிலிருந்து மேலே நகரும்; ஆளுக்கு ஆள் நேரம் மாறினால் எண்ணும் மாறும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் என்பவருக்குத் தலையணை உயர்த்திக் கொடுத்து, அதைத் தாளிலும் குறியுங்கள்.

கை உடம்பைத் தொடக்கூடாது, தொடைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. பருமனான உடலில் கால்களை எவ்வளவு அகற்றினாலும் தொடை தொடும், அதனால் இடையில் உலர்ந்த துவாயைச் சுருட்டி வையுங்கள், அக்குளிலும் அப்படியே. தோலும் தோலும் தொட்டால் மின்னோட்டம் குறுக்கே பாயும், தடை குறையும், கருவி நீர் அதிகம் என்று எண்ணிக் கொழுப்பைக் குறைத்துக் காட்டும். இந்த ஒரு துவாய் இல்லாததாலும் மிகப் பருமனானவர்களின் எண் "நம்ப முடியாத நல்ல" எண்ணாக வருகிறது.

மணிக்கட்டில் ஒரு மின்வாய், நடுவிரல் முட்டிக்குப் பின்னால் ஒன்று. கணுக்காலில் ஒன்று, கால்விரல்களின் அடியில் ஒன்று. ஒவ்வொரு சோடிக்கும் இடையே குறைந்தது 5 சென்றிமீற்றர் இருக்கட்டும்.

தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். பத்துப் பவுண் கொடி 80 கிராம். 90 கிலோவில் அது ஒன்றுமில்லை. மின்வாய் ஒட்டும் கையில் உள்ள காப்புகளை மட்டும் கழற்றினால் போதும்.

வெறும் காலோடு ஏறி நிற்கும் வீட்டுத் தராசு மின்னோட்டத்தை ஒரு காலில் ஏற்றி மறுகாலில் இறக்குகிறது. வயிறு அந்தப் பாதையில் அநேகமாக இல்லை. வயிற்றில் கொழுப்பு சேர்ந்த மெல்லிய காலுடையவரில், இந்த ஊரில் அப்படிப்பட்டவர்கள் தாராளம், அது ஊகம்தான் செய்கிறது. அதே தராசு காட்டும் "உள்ளுறுப்புக் கொழுப்பு நிலை" என்ற எண்ணை ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம்.

கருவி அனுமதித்தால் கொழுப்புச் சதவீதத்தோடு மூல மின்தடையையும் எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு சமன்பாடு போட வேண்டி வந்தால் அது மட்டுமே கைகொடுக்கும். "விளையாட்டு வீரர்" என்ற தெரிவு தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

9. கலிப்பர்: அளக்க முடியாததை அளக்க முடியவில்லை என்றே எழுதுங்கள்

மேற்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ், இடுப்பெலும்பின் மேல் என நான்கு இடங்கள், வலப்பக்கம். மடிப்பைப் பிடித்து, கலிப்பரை விட்டு, இரண்டு விநாடியில் வாசியுங்கள். தாமதித்தால் கொழுப்பு நசுங்கி எண் இறங்கிக்கொண்டே போகும். பெண்களுக்குப் பெண் அளவர்.

பருமனானவர்களில் இரண்டு தடை: மடிப்பு தசையிலிருந்து பிரிந்து வராது, வந்தாலும் கலிப்பரின் வாய்க்குள் அடங்காது. பல கலிப்பர்கள் 60 முதல் 80 மில்லிமீற்றரோடு சரி. அப்போது புதியவர்கள் கருவியின் உச்ச எண்ணையே எழுதிவிடுகிறார்கள், அல்லது அந்த ஆளை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒப்பீட்டைப் பொய்யாக்கும். விட்டுவிட்டால் பட்டியலில் மிஞ்சுவது கலிப்பருக்கு வசதியான உடல்கள் மட்டும். முடிவில் கலிப்பர் நன்றாக இருக்கிறது என்று வரும். எத்தனை பேரில் அளக்க முடியவில்லை என்பதையே ஒரு முடிவாக எழுதுங்கள். என் பார்வையில், பிஎம்ஐ 35க்கு மேல் கலிப்பரை எடுக்காமல் நாடாவோடு நிற்பது நல்லது.

10. டெக்ஸாவுக்கு அனுப்பும் முன்

மேசையின் நிறை எல்லையைத் தொலைபேசியில் கேளுங்கள். பழையவை 135 கிலோ அளவில் நின்றுவிடும், புதியவை 200 தாண்டும். அகலத்தையும் கேளுங்கள், கை வெளியே விழுந்தால் அந்தக் கை கணக்கில் இல்லை. அப்படியானவர்களுக்குப் பாதி உடலை மட்டும் எடுத்து இரட்டிப்பாக்கும் வழி உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும்.

டெக்ஸாவுக்குக் கொழும்பு போக வேண்டியிருந்தால், மற்ற அளவுகளையும் அங்கே அதே காலையில் எடுங்கள். இரவு முழுக்க பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டு இருந்தவரின் கணுக்கால் வீங்கியிருக்கும். இறங்கிய உடனே அளக்காமல், ஓரிரவு தங்க வைத்து அளப்பது மேல்.

முடிவு வந்ததும் டெக்ஸா காட்டும் மொத்தத் திணிவைத் தராசு நிறையோடு ஒப்பிடுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் உடலின் ஏதோ ஒரு பகுதி படத்துக்கு வெளியே போயிருக்கலாம்.

11. கணக்கு: தொடர்புக் குணகத்தை நம்ப வேண்டாம்

இரண்டு முறைகளின் எண்களும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் தொடர்புக் குணகம் (உச்சம் 1) 0.9 வந்துவிட்டது என்று மகிழ்வதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு கருவி எப்போதும் 5 சதவீதம் குறைத்துக் காட்டினாலும் குணகம் 1 வரும். 25 முதல் 55 சதவீதம் வரை பரவிய ஆட்களை எடுத்தாலே அது உயரும். போதாக்குறைக்கு, பயோ இம்பீடன்ஸ் சமன்பாட்டுக்குள்ளேயே நிறையும் உயரமும் இருக்கின்றன.

பிளான்ட், ஆல்ட்மன் இருவரும் 1986இல் லான்செற்றில் விளக்கிய வழியில் போங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்களின் வித்தியாசத்தை எடுத்து, அதே இரண்டு எண்களின் சராசரிக்கு எதிராக வரையுங்கள். வித்தியாசங்களின் சராசரி −2, நியம விலகல், அதாவது அவை சிதறும் அளவு, 3 என்றால், 95 சதவீதமானோர் −7.9க்கும் +3.9க்கும் இடையில் இருப்பர். குழுவுக்கு 2 சதவீதப் பிழை தாங்கலாம். தனி ஆளுக்குப் பன்னிரண்டு சதவீத அகலம் தாங்குமா என்பதற்கு முதல் பகுதியில் எழுதிய கேள்விதான் விடை சொல்லும்.

வரைபடத்தில் புள்ளிகள் வலப்பக்கம் சரிகின்றனவா என்று பாருங்கள். சரிந்தால் பருமன் கூடக் கூடப் பிழையும் கூடுகிறது; அப்போது ஒற்றைச் சராசரியைச் சொல்வது ஏமாற்று. பிஎம்ஐ 30–35, 35–40, 40க்கு மேல் என்று பிரித்துக் கொடுங்கள். முப்பது பேரோடு இந்த எல்லைகள் ஆட்டம் காணும். நூறு பேர் இருந்தால் நம்பலாம்.

12. மாற்றத்தைப் பார்ப்பதானால்

சிலரை ஒரே காலையில் எழுப்பி, நடக்கவிட்டு, மின்வாய்களைப் புதிதாக ஒட்டி இரண்டாம் முறை அளங்கள். அதில் ஒரே ஆளின் வாசிப்புகளுக்குள் வரும் நியம விலகலை 2.77ஆல் பெருக்கினால் நம்பத்தக்க மிகச் சிறிய மாற்றம் கிடைக்கும். விலகல் 0.8 என்றால் 2.2 சதவீதத்துக்குக் குறைந்த எந்த மாற்றமும் அளவின் தற்செயல் ஆட்டமாக இருக்கலாம்.

சோறும் புட்டும் நிறுத்திய முதல் வாரத்தில் அளக்காதீர்கள். ஈரலிலும் தசையிலும் இருந்த கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாச்சத்து கரையும்போது அதோடு கட்டியிருந்த நீரும் போகும். நிறை இறங்கும், பயோ இம்பீடன்ஸ் தசை குறைந்தது என்று சொல்லும், ஆள் பயந்து எல்லாவற்றையும் விடுவார். உணவு மாற்றி நிறை ஓரளவு நிலைத்த பிறகு அளங்கள்.

13. ஆளின் கையில் கொடுக்கும் தாள்

எண்ணை மண்டபத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டாம். தாளில் 37.4 என்று எழுதாமல் "ஏறத்தாழ 34 முதல் 41 வரை" என்று உங்கள் ஒப்பீட்டில் கண்ட வீச்சோடு எழுதுங்கள். பக்கத்தில் இடுப்பு அளவையும் எழுதுங்கள். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்றிமீற்றர் என்ற தெற்காசிய எல்லை பெரும்பாலானோருக்குப் புரியும், வீட்டிலும் அளக்கலாம்.

தாளின் பின்புறத்தில் கருவியின் மாதிரி, தெரிவு செய்த நிலை, அளந்த நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், எந்தப் பக்கத்துக் கை, எந்தச் சமன்பாடு, தலையணை வைத்ததா என்பவற்றை எழுதுங்கள். அடுத்த தடவை அளப்பவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.